வானத்துக் குப்பைக்கு யார் பொறுப்பு?

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி நாள். நள்ளிரவு கடந்து ஒரு மணிகூட ஆகவில்லை. சரவாக், கூச்சிங் நகரில் விழித்திருந்தவர்கள் வானத்தில் ஓர் அதிசயக் காட்சியைக் கண்டார்கள். நெருப்புத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்து, இருண்ட வானத்தைக் கிழித்துக்கொண்டு சென்றன. எரிநட்சத்திரம் என்று எண்ணிக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தவர்களும் உண்டு.

ஆனால் அது எரிநட்சத்திரம் அன்று. ஒரு வாரத்திற்கு முன்பு, தனது விண்வெளி நிலையத்திற்கான ஒரு கூடத்தை மேலே அனுப்பச் சீனா பயன்படுத்திய லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் உடற்பகுதி அது. எடை 20 டன்னுக்கும் அதிகம். அது எங்கே விழும் என்று கடைசி சில மணி நேரம் வரை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சூலு கடல் வட்டாரத்தில் விழுந்ததாகச் சீனா பின்னர் அறிவித்தது. மேற்குக் கலிமந்தானிலும் சரவாக்கிலும் உலோகத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டதாகவும் செய்திகள் வந்தன. நல்ல வேளையாக எவருக்கும் காயமில்லை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தத் துண்டுகளில் ஒன்று ஒரு நீண்ட வீட்டின் கூரை மீது விழுந்திருந்தால், அங்கே குடியிருந்தவர்கள் யாரிடம் போய் நியாயம் கேட்பார்கள்? அடுக்குமாடி வீட்டிலிருந்து குப்பையைக் கீழே வீசினால் வீசியவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. 200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் குப்பைக்குச் சட்டம் உண்டா?

உண்டு. அந்தச் சட்டத்திற்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனால் அதன் கீழ் ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் முறைப்படி இழப்பீடு கோரியது இதுவரை ஒரே ஒரு முறைதான். அந்த ஒரே வழக்கின் கதையைத் தெரிந்துகொண்டால், இன்று விண்வெளியில் மண்டிக் கிடக்கும் குப்பையை ஏன் எவரும் அள்ளுவதில்லை என்பதும் புரிந்துவிடும்.

சட்டம் பிறந்த கதை

1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியபோது, மேலே போனது எப்போது, எங்கே திரும்பி விழும் என்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 1967இல் விண்வெளி ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமன்று என்றது அந்த ஒப்பந்தம். அதே நேரத்தில், ஒரு நாடு அனுப்பிய பொருள் மேலே இருந்தாலும் கீழே விழுந்தாலும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்றும் சொன்னது. இந்த இரண்டாவது விதியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

1972இல் இழப்பீட்டு உடன்படிக்கை வந்தது. அதில் இரண்டு நெறிகள் உள்ளன. விண்பொருள் பூமியின் மீதோ பறக்கும் விமானத்தின் மீதோ விழுந்து சேதம் விளைவித்தால், அனுப்பிய நாடுதான் முழுப் பொறுப்பு. தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் விண்வெளியிலேயே ஒரு பொருள் இன்னொன்றின் மீது மோதினால், தவறு செய்தது யார் என்று நிரூபித்தால்தான் இழப்பீடு. கீழே விழுந்தால் ஒரு நியாயம், மேலே மோதினால் இன்னொரு நியாயம்.

ஏட்டில் இருந்த இந்தச் சட்டத்திற்கு ஆறே ஆண்டுகளில் சோதனை வந்தது.

பனிக்காட்டில் விழுந்த அணு உலை

1977 செப்டம்பர் 18ஆம் நாள் சோவியத் யூனியன் கோஸ்மோஸ் 954 எனும் துணைக்கோளத்தை ஏவியது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் எங்கெங்கே செல்கின்றன என்று ரேடார் கருவி மூலம் வேவு பார்ப்பதே அதன் வேலை. கப்பலைத் தெளிவாகக் காண வேண்டுமானால் துணைக்கோளம் தாழப் பறக்க வேண்டும். ரேடாருக்கோ மின்சாரம் நிறையத் தேவை. அவ்வளவு மின்சாரத்திற்குப் பெரிய சூரியத் தகடுகளை விரித்தால், அந்தத் தாழ்ந்த உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்றே அவற்றைத் தடுத்து, துணைக்கோளத்தைக் கீழே இழுத்துவிடும். எனவே சோவியத் பொறியாளர்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். துணைக்கோளத்திற்குள் யுரேனியத்தில் இயங்கும் ஒரு சிறிய அணு உலையையே வைத்துவிட்டார்கள்.

இதன் ஆபத்து அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்ததும் அணு உலை தனியே பிரிந்து, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் உயரத்திற்குப் போய்விட வேண்டும் என்பது திட்டம். அங்கே அது பல நூறு ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். அதற்குள் கதிரியக்கம் பெருமளவு தணிந்துவிடும். கோஸ்மோஸ் 954இல் அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை. 1978 ஜனவரி தொடக்கத்தில் அது கட்டுப்பாட்டை முற்றாக இழந்து, அணு உலையோடு கீழே இறங்கத் தொடங்கியது.

அமெரிக்கக் கண்காணிப்பு நிலையங்கள் இதைக் கவனித்துவிட்டன. ஜனவரி 12ஆம் நாள், அதிபர் கார்ட்டரின் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி, வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினினை அழைத்து விவரம் கேட்டார். நட்பு நாடுகள் சிலவற்றுக்கு இரகசியமாகத் தகவல் போனது. பொதுமக்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. எங்கே விழும் என்று தெரியாத நிலையில், சொன்னால் பீதிதான் மிஞ்சும் என்பது அவர்களின் கணக்கு.

ஜனவரி 24ஆம் நாள் அதிகாலை, கனடாவின் வடமேற்குப் பகுதியில் தீப்பிழம்பாக அது வந்து சேர்ந்தது. கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து பேக்கர் லேக் குடியிருப்பை நோக்கி, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்திற்குத் துண்டுகள் சிதறின.

அங்கே யார் இருந்தார்கள்?

ஆளில்லாத வெற்று நிலத்தில் விழுந்துவிட்டது, ஆபத்தில்லை என்று பலர் ஆறுதல் அடைந்தார்கள். ஆனால் அந்த நிலம் வெற்று நிலம் அன்று. டெனே, இனுயிட் பழங்குடி மக்களின் வேட்டை நிலம் அது. கரிபூ மான்கள் கூட்டம் கூட்டமாக அங்கே மேயும். அந்த மானின் இறைச்சிதான் அம்மக்களின் உணவு. அந்த ஏரிகளின் மீன்தான் அவர்களின் சந்தை. வானத்திலிருந்து விழுந்தது கண்ணுக்குத் தெரியாத நஞ்சு என்றால், மான் தின்னும் பாசியில் அது படிந்திருக்காதா எனும் அச்சம் எழுவது இயற்கை.

விழுந்த துண்டு ஒன்றை முதன்முதலில் கண்டவர்கள் அரசாங்க அதிகாரிகளும் அல்லர், விஞ்ஞானிகளும் அல்லர். தெலான் ஆற்றங்கரையில் ஒரு சிறிய மரவீட்டில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த ஆறு இளைஞர்களில் இருவர், நாய் இழுக்கும் பனிவண்டியில் சென்றபோது, உறைந்த ஆற்றின் மீது பள்ளத்தில் கிடந்த வளைந்த உலோகத்தைப் பார்த்தார்கள். என்னவென்று தெரியாமல் அருகே சென்றும் பார்த்தார்கள். பின்னர்தான் வானொலித் தொடர்பு வழியே உண்மை தெரியவந்தது. அவர்கள் விமானத்தில் ஏற்றிச் செல்லப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டார்கள். பாதிப்பு இல்லை என்று தெரிந்தது.

அதன்பின் நடந்த தேடும் பணிக்கு ‘காலை வெளிச்சம்’ எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. கனடிய இராணுவமும் அமெரிக்க அணு வல்லுநர்களும் கைகோத்தார்கள். கதிரியக்கத்தை உணரும் கருவிகளைச் சுமந்துகொண்டு ஹெர்குலிஸ் விமானங்கள் தாழப் பறந்தன. பூச்சியத்திற்கும் கீழே 40 பாகை வரை இறங்கிய குளிரில் மனிதர்கள் பனியைத் தோண்டினார்கள். தேடப்பட்ட பரப்பு 124,000 சதுர கிலோமீட்டர். இது ஏறக்குறைய நமது சரவாக் மாநிலத்தின் பரப்பளவு. ஒரு முழு சரவாக்கையும் கருவி கொண்டு சலித்ததற்குச் சமம்.

அக்டோபர் வரை நடந்த இந்தத் தேடலில் கிடைத்தது சுமார் 65 கிலோகிராம். இரண்டு துண்டுகளைத் தவிர மற்றவை அனைத்தும் கதிரியக்கம் கொண்டவை. சிலவற்றின் கதிரியக்கம் உயிரைப் பறிக்கக்கூடிய அளவு இருந்தது. கடுகைவிடச் சிறிய துகள்கள் குடியிருப்புகளின் அருகிலும் கண்டெடுக்கப்பட்டன. அணு உலையின் எரிபொருளில் மிகச் சிறு பகுதியே திரும்பக் கிடைத்தது.

ஒரு நாள் மிச்சம் வைத்துக் கோரிய இழப்பீடு

இனிதான் கணக்கு வழக்கு. தேடுவதற்கும் துப்புரவு செய்வதற்கும் கனடா செலவிட்டது ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் கனடிய வெள்ளி. இழப்பீட்டு உடன்படிக்கையின்படி சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். கனடா 1979 ஜனவரி 23ஆம் நாள், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, தனது கோரிக்கையைச் சோவியத் யூனியனிடம் கொடுத்தது. கேட்ட தொகை 6,041,174 வெள்ளி 70 காசு. வழக்கமாக ஆகும் சம்பளச் செலவு போன்றவற்றைக் கழித்துவிட்டு, இந்த விபத்தினால் கூடுதலாக ஏற்பட்ட செலவை மட்டுமே காசு வரை எண்ணிக் கேட்டது.

இங்கேதான் சட்டத்தின் ஓட்டை தெரிந்தது. சேதம் என்றால் என்ன? உயிரிழப்பு, உடற்காயம், சொத்து இழப்பு என்று உடன்படிக்கை சொல்கிறது. கனடாவில் எவரும் சாகவில்லை. எந்த வீடும் இடியவில்லை. தேடிய செலவும் துப்புரவுச் செலவும் ‘சேதம்’ எனும் சொல்லுக்குள் வருமா? நஞ்சு விழுந்த நிலம் பயன்படாமல் போவதும் சேதம்தான், அதைத் தடுக்க ஆன செலவும் அதைச் சேர்ந்ததுதான் என்பது கனடாவின் வாதம்.

வழக்கு எந்த நீதிமன்றத்திற்கும் போகவில்லை. இரண்டாண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1981 ஏப்ரல் 2ஆம் நாள் மாஸ்கோவில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. சோவியத் யூனியன் 30 லட்சம் கனடிய வெள்ளி கொடுக்க ஒப்புக்கொண்டது. கேட்டதில் பாதி. ஆன செலவில் கால் பங்கு கூட இல்லை. தனது பொறுப்பை ஒப்புக்கொண்டு ஒரு வரிகூடச் சோவியத் யூனியன் அதில் எழுதவில்லை.

இடைப்பட்ட காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1979 ஜூலை 11ஆம் நாள், 70 டன்னுக்கும் அதிக எடை கொண்ட அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் கீழே விழுந்தது. உலகமே அன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தன. உடன்படிக்கையின் கீழ் ஆஸ்திரேலியா எதுவும் கேட்கவில்லை. எஸ்பெரன்ஸ் எனும் சிற்றூரின் நகராண்மை மட்டும், பொது இடத்தில் குப்பை கொட்டியதற்காக அமெரிக்க விண்வெளித் துறைக்கு 400 ஆஸ்திரேலிய வெள்ளி அபராதம் விதித்தது. விளையாட்டாகப் போட்ட அபராதம்தான். ஆனாலும் அது கட்டப்படாமலே கிடந்தது. 30 ஆண்டுகள் கழித்து, 2009இல், ஓர் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் தன் நேயர்களிடம் பணம் திரட்டி அதைக் கட்டி முடித்தார். குப்பை கொட்டியவர் கட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கட்டினார்கள்.

மேலே மோதினால் என்ன ஆகும்?

கோஸ்மோஸ் 954 விழுந்த அதே 1978ஆம் ஆண்டில், அமெரிக்க விண்வெளித் துறையைச் சேர்ந்த டொனால்ட் கெஸ்லர், கூர் பாலே எனும் இரு விஞ்ஞானிகள் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சுற்றுப்பாதையில் பொருள்கள் பெருகப் பெருக, ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பும் பெருகும். ஒவ்வொரு மோதலும் புதிய துண்டுகளை உண்டாக்கும். அந்தத் துண்டுகள் மேலும் மோதல்களை உண்டாக்கும். ஒரு கட்டத்திற்குப் பிறகு, புதிதாக எதையும் அனுப்பாவிட்டாலும் குப்பை தானாகவே பெருகும் என்பது அவர்களின் எச்சரிக்கை.

2009 பிப்ரவரி 10ஆம் நாள் அந்த எச்சரிக்கை உண்மையாயிற்று. சைபீரியாவுக்கு மேலே, ஏறக்குறைய 790 கிலோமீட்டர் உயரத்தில், இயங்கிக்கொண்டிருந்த அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துணைக்கோளம் இரிடியம் 33, என்றோ செயலிழந்துவிட்ட ரஷ்யாவின் கோஸ்மோஸ் 2251 மீது மோதியது. மோதிய வேகம் வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கும் அதிகம். இரண்டும் தூள் தூளாகி, அடையாளம் காணத்தக்க 2,000க்கும் மேற்பட்ட துண்டுகள் பிறந்தன.

தவறு யாருடையது? ரஷ்யத் துணைக்கோளத்திற்கு உயிரே இல்லை. அதனால் விலக முடியாது. அமெரிக்கத் துணைக்கோளத்தால் விலக முடிந்திருக்கும். ஆனால் மோதல் வரப்போகிறது என்று அதை இயக்கியவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை. சாலையில் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. விண்வெளியில் அப்படி விதி இல்லை. விதி இல்லாத இடத்தில் தவறை எப்படி நிரூபிப்பது? எந்த நாடும் உடன்படிக்கையின் கீழ் இழப்பீடு கேட்கவில்லை. இரண்டாவது நெறி வெறும் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிட்டது.

விபத்து ஒருபுறம். தெரிந்தே செய்தது இன்னொருபுறம். 2007 ஜனவரியில் சீனா தனது பழைய வானிலைத் துணைக்கோளத்தை ஏவுகணையால் தகர்த்தது. 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. 2021 நவம்பரில் ரஷ்யா அதையே செய்தது. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் தங்கள் கலங்களுக்குள் ஓடி ஒளிய நேர்ந்தது. அவர்களில் இருவர் ரஷ்யர்கள். அமெரிக்காவும் இந்தியாவும் கூட இத்தகைய சோதனைகளைச் செய்தவைதாம்.

இன்று கண்காணிப்பில் உள்ள விண்பொருள்கள் ஏறக்குறைய 40,000. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் 12 லட்சத்துக்கும் அதிகம் என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மதிப்பீடு.

சொந்தம் உண்டு, சுமை இல்லை

அப்படியானால் அள்ளி எடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் 1967ஆம் ஆண்டு விதி குறுக்கே நிற்கிறது. மேலே போன பொருள் என்றென்றும் அனுப்பிய நாட்டுக்கே சொந்தம். கடலில் ஆபத்தில் சிக்கிய கப்பலை மீட்டுத் தந்தவருக்கு வெகுமதி தரும் சட்டம் நெடுங்காலமாக உண்டு. விண்வெளியில் அப்படி இல்லை. செத்துப்போன துணைக்கோளமாயினும் உரிய நாட்டின் அனுமதியின்றித் தொட முடியாது. 2024இல் ஒரு ஜப்பானியத் தனியார் நிறுவனத்தின் விண்கலம், குப்பையாகச் சுற்றும் ராக்கெட் பாகம் ஒன்றுக்கு 15 மீட்டர் அருகே வரை சென்று சாதனை படைத்தது. அது நெருங்கிச் சென்றதும் ஜப்பானின் சொந்த ராக்கெட் பாகத்தைத்தான்.

ஆக, விண்வெளியில் சொந்தத்திற்கு முடிவில்லை. ஆனால் சொந்தக்காரர் தன் குப்பையை அகற்றியே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் உலக உடன்படிக்கை இன்றுவரை இல்லை. வேலை முடிந்த துணைக்கோளங்கள் 25 ஆண்டுகளுக்குள் தாழ்ந்த பாதையை விட்டு நீங்க வேண்டும் என்று 2002இல் பல நாடுகளின் விண்வெளித் துறைகள் கூடிச் சொல்லின. 2007இல் ஐநாவும் வழிகாட்டி நெறிகளை ஏற்றது. எல்லாம் விரும்பினால் பின்பற்றலாம் எனும் வகை.

தண்டனை வந்தது ஒரு நாட்டின் சொந்தச் சட்டத்தில்தான். 2022இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 25 ஆண்டு எனும் கெடுவை 5 ஆண்டாகக் குறைத்தது. 2023 அக்டோபரில், பழைய துணைக்கோளத்தை வாக்களித்த உயரத்திற்குக் கொண்டுபோகாத டிஷ் நிறுவனத்திற்கு 150,000 அமெரிக்க வெள்ளி அபராதம் விதித்தது. விண்வெளிக் குப்பைக்காக அந்த ஆணையம் விதித்த முதல் அபராதம் அது.

நமது பங்கும் இருக்கிறது

இது வல்லரசுகளின் சண்டை, நமக்கென்ன என்று ஒதுங்கிவிட முடியாது. 2009 ஜூலையில் ஏவப்பட்ட மலேசியாவின் ரசாக்சாட் துணைக்கோளம், 180 கிலோகிராம் எடை கொண்டது. ஏறக்குறைய ஓராண்டிலேயே செயலிழந்தது. 2011இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்திய ராக்கெட்டில் சென்ற எக்ஸ்-சாட், சிங்கப்பூர் சொந்தமாக உருவாக்கிய முதல் துணைக்கோளம். அதன் பணியும் முடிந்துவிட்டது. கீழே விழுமோ என்று அஞ்சும் நாடுகளும் மேலே தங்கள் பெயரில் எதையோ விட்டு வைத்திருக்கின்றன. உடன்படிக்கையின்படி, அனுப்பச் சொன்ன நாடு, அனுப்பிய நாடு, ஏவுதளம் தந்த நாடு எல்லாமே கூட்டுப் பொறுப்பாளிகள். மலேசியா 2022இல் தனக்கென ஒரு விண்வெளிச் சட்டத்தை இயற்றிக்கொண்டதன் அவசியமும் இதுதான்.

கோஸ்மோஸ் 954 கற்பித்த பாடம் எளிமையானது. விழுந்த பிறகு கேட்டால் பாதிதான் கிடைக்கும், அதுவும் ஆண்டுகள் கழித்து, தவறை ஒப்புக்கொள்ளாமல். கேட்கும் வலிமை கனடா போன்ற நாட்டுக்கு இருந்தது. ஆற்றோரத்து நீண்ட வீட்டில் வாழ்பவருக்கு அந்த வலிமை கிடையாது. எனவே பொறுப்பைக் கேட்க வேண்டிய நேரம் விழுந்த பிறகு அன்று, ஏவுவதற்கு முன்பு. எப்படி ஏற்றப் போகிறோம் என்று திட்டம் காட்டுபவர், எப்படி இறக்கப் போகிறோம், அதற்கான பணம் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிய பிறகே அனுமதி பெற வேண்டும்.

கோஸ்மோஸ் 954இன் உடன்பிறப்புகளான ஏறக்குறைய 30 அணு உலைகள் இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை அனுப்பிய சோவியத் யூனியன் எனும் நாடே 1991இல் மறைந்துவிட்டது. ரஷ்யா அதன் வாரிசாக நிற்கிறது. உலைகள் இறங்கி வரப் பல நூறு ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அன்றைக்கு அவை யார் வீட்டின் மேல் இறங்கும், அப்போது பதில் சொல்ல எந்த அரசாங்கம் இருக்கும் என்பதை இன்று வாழும் எவராலும் சொல்ல முடியாது.